ஹாரி கிளார்க்: சன்னல்களும் பேய்க்கதைகளும்

அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் ஹாரி கிளார்க் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1889 மார்ச் 17ல் பிறந்தார். 1931 ஜனவரி 6ல், 41 வயதில், காசநோயில் காலமானார். அந்த நாற்பத்தொரு வருஷத்துக்குள் 130க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடி சன்னல்களைச் செய்தார். பெரும்பாலும் தேவாலயங்களுக்கு. அதே கையால் எட்கர் ஆலன் போவின் பேய்க்கதைகளுக்கும் படம் போட்டார். உயிரோடு புதைக்கப்பட்டவன், அழுகிப்போன உடம்பு, சுவருக்குள் வைத்துப் பூசப்பட்ட மனிதன் என்று இரவில் தூக்கம் வராத மாதிரியான படங்கள்.

நம் பக்கத்தில் இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கும் என் மகள் டப்ளினில் வேலைக்குப் போயிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்த பிறகு விடமுடியவில்லை. அதற்குக் காரணம் என் பழைய தொழில். சென்னையில் ஓர் அச்சகத்தில் பிளாக் செக்‌ஷனில் ஆசிட் தொட்டி பக்கத்தில் பல வருஷம் நின்றவன் நான். கிளார்க்கின் வாழ்க்கையிலும் பாதி, ஆசிட் பக்கத்தில் நின்றதுதான்.

முதலில் 'கோதிக்' என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. இது ஒரு விசித்திரமான சொல். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து எழும்பிய கூர்வளைவுத் தேவாலயங்களுக்கும் அந்தப் பெயர். பாழடைந்த கோட்டை, ரகசிய அறை, ஆவி, ரத்தம் என்று வரும் கதைகளுக்கும் அதே பெயர். ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1764ல் 'ஒட்ரான்டோ கோட்டை' என்று ஒரு கதை வெளியிட்டார். மறுபதிப்பில் அதைக் 'கோதிக் கதை' என்று அழைத்தார். அதிலிருந்து தொற்றிக்கொண்டது. ஒரு பக்கம் ஆண்டவன் வீட்டு வெளிச்சம், இன்னொரு பக்கம் கல்லறை இருட்டு. கிளார்க் இரண்டு கோதிக்கிலும் வேலை செய்தவர். நான் சொல்ல வந்ததே இதுதான்: அவருக்கு அவை இரண்டு வேலைகளாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய அப்பா ஜோஷுவா கிளார்க் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர். 1877ல் டப்ளினுக்கு வந்து, தேவாலயங்களுக்கு அலங்கார வேலை செய்து கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். பிறகு கண்ணாடி வேலையும் சேர்ந்தது. வடக்கு ஃபிரடெரிக் தெருவில் 33ஆம் எண் வீடு. முன்னால் குடும்பம், பின்னால் பட்டறை. நம் ஊரில் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் உலைச் சூட்டில் வளர்கிற மாதிரி, ஹாரி ஈயமும் கண்ணாடித் தூளும் சூளையும் உள்ள வீட்டில் வளர்ந்தார். படித்தது ஏசு சபையார் நடத்திய பெல்வெடியர் கல்லூரிப் பள்ளியில். ஜேம்ஸ் ஜாய்ஸ் சில வருஷங்களுக்கு முன் படித்த அதே பள்ளி. 1903ல், பதினான்கு வயதில், அம்மா இறந்துபோனார். கொஞ்ச காலத்தில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்தார். மாலையில் டப்ளின் மாநகரக் கலைப்பள்ளி. அங்கே கண்ணாடி வேலை சொல்லிக் கொடுத்தவர் ஆல்ஃபிரட் சைல்ட்.

மாணவராக இருக்கும்போதே லண்டனில் நடந்த தேசியப் போட்டிகளில் தங்கப் பதக்கங்கள் வாங்கினார். அந்த மாணவர் வேலைகளில் ஒன்று இப்போது கார்க் நகரத்தின் கிராஃபோர்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கதை, புனிதர் பிரெண்டன் கடலில் யூதாஸைச் சந்திப்பது. ஏசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸுக்கு நரகத்திலிருந்து சில திருநாட்களில் மட்டும் விடுப்பு உண்டு. அப்போது கடல் நடுவில் ஒரு பாறையில் வந்து உட்கார்ந்திருப்பான் என்பது அயர்லாந்தின் பழைய கதை. விவிலியத்தில் எத்தனையோ சாந்தமான காட்சிகள் இருக்க, இருபது வயதைத் தாண்டிய பையன் இதைப் போய் எடுத்துக்கொண்டான் பாருங்கள். மற்றவர்கள் ஆட்டுக்குட்டியும் லில்லிப் பூவும் வரைந்துகொண்டிருந்த காலம்.

இனி அந்த ஆசிட் சமாச்சாரம். இதைச் சொல்லாமல் கிளார்க்கின் கண்ணாடி ஏன் வேறு மாதிரி தெரிகிறது என்று விளக்க முடியாது.

சாதாரண வண்ணக் கண்ணாடி சன்னலில் ஒவ்வொரு துண்டும் ஒரு நிறம். சிவப்பு வேண்டுமானால் சிவப்புத் துண்டு, பக்கத்தில் நீலம் வேண்டுமானால் நீலத் துண்டு. நடுவில் ஈயப் பட்டை. ஆனால் இன்னொரு வகைக் கண்ணாடி உண்டு. நிறமில்லாத கண்ணாடியின் மேல் மிக மெல்லிய நிறக் கண்ணாடி ஒட்டியிருக்கும். பீங்கானில் மெருகு இருக்கிற மாதிரி. நிறம் வேண்டிய இடத்தை மெழுகு போட்டு மூடிவிட்டு, மீதியை ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டில் விட்டால் நிறம் கரைந்து போகும். கொஞ்ச நேரம் விட்டால் அடர் சிவப்பு ரோஜா நிறமாகும். இன்னும் கொஞ்சம் விட்டால் இளஞ்சிவப்பு. முழுக்க விட்டால் வெறும் வெள்ளை. அதாவது ஒரே துண்டுக் கண்ணாடியில், நடுவில் ஈயம் இல்லாமல், ஐந்தாறு சாயல் கொண்டுவரலாம். நகை, சரிகை, மீன் செதில், பூவிதழ் எல்லாம் வரும். ஆனால் ஒவ்வொரு சாயலுக்கும் மறுபடி மெழுகு, மறுபடி ஆசிட், மறுபடி கழுவல். அதற்கு மேல் கறுப்பும் பழுப்புமான கண்ணாடிச் சாயத்தைப் பூசி, காய்ந்ததும் ஊசியால் கீறிக் கீறி வெளிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும். பிறகு சூளையில் சுட வேண்டும். சில இடங்களில் கிளார்க் இரண்டு கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சிவப்பும் நீலமும் கலந்து மூன்றாவது நிறம் வரச் செய்திருக்கிறார்.

எங்கள் பிளாக் செக்‌ஷனில் துத்தநாகத் தகடும் நைட்ரிக் ஆசிட்டும். படத்தின் கோடுகளை மட்டும் மூடிவிட்டு மீதியை அரிக்க விடுவோம். தொட்டியிலிருந்து பழுப்பு மஞ்சளாக ஒரு புகை கிளம்பும். தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். மாலையில் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெஞ்சு சுத்தமாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நாங்களும் சாப்பிடுவோம். எங்களோடு இருந்த ஒருவர் ஐம்பது வயதுக்குள் இருமி இருமியே வேலையை விட்டுப் போனார். ஹைட்ரோஃப்ளூரிக் அதைவிடக் கொடியது. கண்ணாடியையே தின்னும் ஆசிட் அது. தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாது. உள்ளே எலும்பு வரை போன பிறகுதான் வலி. கிளார்க்கைக் கொன்றது காசநோய்தான். ஆனால் பலவீனமான நெஞ்சோடு அந்த ஆசிட் ஆவிக்குள் இருபது வருஷம் நின்றது அவருக்கு எந்த நல்லதும் செய்திருக்காது என்று, புகை குடித்தவன் என்ற முறையில் சொல்வேன்.

1914 அவருக்கு முக்கியமான வருஷம். பிரான்ஸ் போய் சார்த்ர் தேவாலயத்தின் பழைய சன்னல்களைப் பார்த்தார். அந்த நீலம் கடைசி வரை அவரை விடவில்லை. அக்டோபர் 31ல் மார்கரெட் கிரில்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். மார்கரெட்டும் நல்ல ஓவியர், அவரோடு அதே கலைப்பள்ளியில் படித்தவர். (இந்த அம்மாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.)

அடுத்த வருஷம் பெரிய வேலை வந்தது. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் ஹோனன் சிற்றாலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் 19 வண்ணச் சன்னல்களில் 11 கிளார்க்குக்குக் கிடைத்தன, 1917ல் முடித்தார். அதில் புனிதை கோப்னெட் சன்னலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோப்னெட் தேனீக்களின் காவல் புனிதை. மாடு திருட வந்தவர்கள்மேல் தேனீக் கூட்டத்தை ஏவி விரட்டினாள் என்று கதை. கிளார்க்கின் கோப்னெட் பக்கவாட்டில் முகம் காட்டி நிற்கிறாள். வெளிறிய, மெலிந்த முகம். நீல அங்கி. தேனடையின் கட்டங்கள் கண்ணாடித் துண்டுகளின் வடிவத்திலேயே வந்துவிடுகின்றன. கீழே திருடர்கள் அலறி ஓடுகிறார்கள், தேனீக்கள் துரத்துகின்றன. அலங்காரம் என்று பார்த்தால் பட்டுச் சேலைத் தலைப்பு மாதிரி இழைத்திருக்கிறார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் இவளிடம் போய் வரம் கேட்கக் கொஞ்சம் தயக்கம் வரும். நம் ஊர் எல்லையில் நிற்கும் அம்மனைப் பார்க்கும்போது வருகிற தயக்கம்.

இதற்கு நடுவே புத்தகப் படங்கள். முதல் முயற்சி வீணாய்ப் போனது. கோல்ரிட்ஜின் கிழட்டு மாலுமி கவிதைக்கு அவர் போட்ட படங்கள் 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில், டப்ளின் நகர மையம் எரிந்தபோது அழிந்தன. அந்த ஒரு வாரத்தில் அயர்லாந்து தன் விடுதலைக் கதையை ஆரம்பித்தது. ஹாரி கிளார்க் தன் முதல் புத்தகத்தை இழந்தார். அதே வருஷம் லண்டன் பதிப்பாளர் ஜார்ஜ் ஹாரப் அவர் படங்களோடு ஆண்டர்சனின் தேவதைக் கதைகளை வெளியிட்டார். 1919ல் வந்தது போவின் 'மர்மமும் கற்பனையும் கொண்ட கதைகள்'. கறுப்பு வெள்ளையில் 24 முழுப்பக்கப் படங்கள். 1923 பதிப்பில் எட்டு வண்ணப் படங்களும் சேர்ந்தன.

மகள் வாங்கிக் கொடுத்த மறுபதிப்பு என் மேஜையில் இருக்கிறது. பேரன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அவனைப் பயமுறுத்தியது எது என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். ரத்தம், பல், நகம் என்று ஒன்றும் அதிகமில்லை. எல்லோரும் அழகாக உடுத்தியிருக்கிறார்கள். சரிகை, மணி, இறகு, பூ வேலைப்பாடு. உடம்பு நீண்டு மெலிந்து, விரல்கள் இன்னும் நீண்டு, கண்கள் பெரிதாக, தூங்காதவர்களின் கண்ணாக. துணியின் பூவேலையை உற்றுப் பார்த்தால் அதுவும் கண் மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் கும்மிருட்டாகக் கறுப்பு. எங்கே துணி முடிகிறது, எங்கே உடம்பு அழுக ஆரம்பிக்கிறது என்று எல்லை தெரியாது. பயம் அந்த அலங்காரத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் நகை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் நிழல் இல்லை என்று கவனித்தால் எப்படி இருக்கும், அப்படி.

தொழில்காரன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும். அடர்த்தியான கறுப்பையும் முடி மாதிரிக் கோடுகளையும் புள்ளிகளையும் ஒரே படத்தில் வைப்பது ஆபத்து. கறுப்பு நன்றாக விழ மை அதிகம் போட்டால் நுணுக்கக் கோடு அப்பிக்கொள்ளும். மை குறைத்தால் கறுப்பு சாம்பலாகும். ஆசிட்டும் மெல்லிய கோட்டின் அடியை அரித்துவிடும். இப்படி ஒரு படம் வந்தால் எங்கள் மெஷின்காரர் ஓவியரின் குலத்தையே திட்டுவார். கிளார்க் அந்த விளிம்பிலேயே வரைந்தார். ஏன் என்று முதலில் புரியவில்லை. டப்ளினில் அவர் சன்னல்களைப் பார்த்த பிறகு புரிந்தது. கண்ணாடியில் அவர் கறுப்பைப் பூசிவிட்டு ஊசியால் வெளிச்சத்தைக் கீறி எடுக்கிறார் என்று சொன்னேன் இல்லையா? காகிதத்தில் வெள்ளைப் புள்ளியும் வெள்ளைக் கோடும் இருட்டுக்குள்ளிருந்து வருவது அந்தப் பழக்கம்தான். புனிதர்களுக்குச் செய்ததையே பிணங்களுக்கும் செய்திருக்கிறார்.

போவின் கதைகளில் ஒன்று 'செஞ்சாவின் முகமூடி விருந்து'. கொள்ளைநோய்க்குப் பயந்து ஒரு இளவரசன் மாளிகையைப் பூட்டிக்கொண்டு உள்ளே கேளிக்கை நடத்துகிறான். ஏழு அறை, ஏழு நிறம், ஒவ்வொன்றுக்கும் அந்த நிறத்திலேயே சன்னல் கண்ணாடி. கடைசி அறை மட்டும் கறுப்பு. அதன் சன்னல் ரத்தச் சிவப்பு. போ இதை எழுதியது கிளார்க் பிறப்பதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்கு முன்பு. ஒரு கண்ணாடிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கென்றே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது.

ஆங்கில விமர்சகர்கள் அவரை ஆப்ரி பியர்ட்ஸ்லியோடு ஒப்பிடுவார்கள். பியர்ட்ஸ்லியும் கறுப்பு வெள்ளையில் மன்னர், அவரும் காசநோயில், 25 வயதிலேயே போனவர். தாக்கம் உண்மைதான். ஆனால் பியர்ட்ஸ்லியிடம் ஒரு கேலிச் சிரிப்பு இருக்கும். கிளார்க் சிரிப்பதில்லை. அவர் நரகத்தை நம்புகிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவர். ஞாயிறுதோறும் பார்க்கப்போகும் சன்னலுக்கு வரைந்தவர்.

பெரோவின் கதைகள் 1922ல், கதேயின் ஃபவுஸ்ட் 1925ல், ஸ்வின்பர்னின் கவிதைகள் 1928ல் வந்தன. இவற்றில் ஃபவுஸ்ட்தான் மிக இருண்டது. அதைவிட எனக்கு நெருக்கமாக இருப்பது 1923ல் வந்த வேறொரு புத்தகம். கடைகளில் விற்றதல்ல. முதல் உலகப்போரில் இறந்த ஐரிஷ் வீரர்களின் நினைவுப் பதிவேடு. எட்டு தொகுதி, 49,000க்கும் மேற்பட்ட பெயர்கள், நூறே பிரதிகள். பக்கங்களைச் சுற்றி வரும் சட்டங்களை வரைந்தவர் கிளார்க். பார்த்தவுடன் பின்னல் பின்னலான கெல்டிக் அலங்காரம், கொடிகள். நம் கோலத்தின் சிக்கு மாதிரி. உற்றுப் பார்த்தால் அந்தப் பின்னலுக்குள் கறுப்பு நிழலுருவங்களாகச் சிப்பாய்கள், பதுங்குகுழிகள், கல்லறைச் சிலுவைகள். சில சட்டங்களே திரும்பத் திரும்ப வருகின்றன, பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. இங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. போவின் கதைகளுக்குப் படம் போட்ட அதே கை, நாலே வருஷத்தில் உண்மையான சாவுக்குச் சட்டம் போட்டது. அதற்கு அது புது வேலையாகவே இருந்திருக்காது.

அப்பா 1921ல் இறந்தார். பட்டறை ஹாரியின் தலையிலும் தம்பி வால்டரின் தலையிலும் விழுந்தது. பகலில் பட்டறை, இரவில் புத்தகப் படம். ஜேக்கப் என்ற பிஸ்கட் கம்பெனிக் குடும்பத்துக்காக 1924ல் கீட்ஸின் 'புனிதை ஆக்னஸின் முன்னிரவு' கவிதையைச் சன்னலாகச் செய்தார். அது இப்போது டப்ளின் ஹியூ லேன் கலைக்கூடத்துக்குச் சொந்தம். நான் அங்கே ஒரு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காதலர்கள் கதைதான், ஆனால் உறைபனி, கிழவர்கள், சாவு எல்லாம் கூடவே இருக்கிற காதல் கதை. அந்த நீலத்தைப் புகைப்படத்தில் காட்டவே முடியாது, முயற்சி செய்து பார்த்தேன். கிராஃப்டன் தெருவில் பியூலீஸ் காபிக்கடையிலும் அவர் 1920களின் கடைசியில் செய்த சன்னல்கள் உண்டு. பறவை, பூ, வண்ணத்துப்பூச்சி என்று வெயில்பட்ட வேலை. சமீப வருஷங்களில் கட்டடக்காரரும் கடைக்காரரும் அவை கட்டடத்தின் சன்னலா, கழற்றி எடுத்துப்போகக்கூடிய கலைப்பொருளா என்று நீதிமன்றம் வரை போனார்கள். காபி என்னவோ சுமார்தான்.

இப்போது ஜெனீவா சன்னலுக்கு வருகிறேன்.

1922ல் அயர்லாந்துக்குச் சுதந்திர அரசு வந்தது. 1926ல் அந்தப் புதிய அரசு ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு பரிசு கொடுக்க விரும்பி, கிளார்க்கிடம் சன்னல் கேட்டது. உலகமே வந்து போகும் இடத்தில் அயர்லாந்தின் பெயர் சொல்லும் ஒரு பொருள். புனிதர்கள் வேண்டாம், நம் எழுத்தாளர்களை வைப்போம் என்று முடிவாயிற்று. யேட்ஸ், ஷா, சிஞ்ச், ஓகேசி, ஜாய்ஸ், சீமாட்டி கிரகரி என்று பதினைந்து பேரின் படைப்புகளிலிருந்து காட்சிகள், எட்டுப் பலகைகளில். நோய் முற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் சானடோரியத்துக்கும் டப்ளினுக்கும் இடையே போய் வந்துகொண்டே, 1930ல் முடித்தார். இரட்டைக் கண்ணாடி, ஆசிட் வேலை, ஊசி வேலை எல்லாம் உச்சத்தில்.

அரசின் தலைவர் காஸ்கிரேவுக்கு அது பிடிக்கவில்லை. முக்கியமாக லியாம் ஓ'ஃபிளாஹெர்ட்டியின் நாவலிலிருந்து எடுத்த ஒரு காட்சி: பருத்த ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க, இளம்பெண் ஒருத்தி மெல்லிய துணியோடு ஆடுகிறாள். உடம்பு தெரிகிறது. முந்தின வருஷம்தான் அந்த நாட்டில் நூல் தணிக்கைச் சட்டம் வந்திருந்தது. ஓ'ஃபிளாஹெர்ட்டியின் வேறொரு நாவல் 1930ல் தடையும் செய்யப்பட்டது. இப்படிப்பட்ட எழுத்தாளரை, இப்படிப்பட்ட காட்சியை, நாட்டின் பெயரால் அனுப்புவதா? மக்கள் மனம் புண்படும் என்றார்கள். ஜெனீவாவுக்கு அனுப்பவில்லை.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது என்னவென்றால், கிளார்க்கின் தேவாலய வேலைகளில் இதைவிடக் கலங்கடிக்கும் உடம்புகள் உண்டு. மேயோ மாவட்டம் நியூபோர்ட் தேவாலயத்தில் அவருடைய கடைசிப் பெரிய சன்னல்களில் ஒன்று, இறுதித் தீர்ப்பு. நரகத்துக்கு விழுகிறவர்கள் பச்சை பிடித்த உடம்போடு விழுகிறார்கள். அதன் கீழே மண்டியிட்டுக் குடும்பம் குடும்பமாக ஜெபித்தார்கள். அதைப் பார்த்து யாருக்கும் மனம் புண்படவில்லை. தண்டனையோடு வந்தால் உடம்பு பரவாயில்லை. சும்மா ஆடினால்தான் குற்றம். தணிக்கைக்காரர்கள் எல்லா நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் செத்துக்கொண்டிருந்தார். தம்பி வால்டர் 1930லேயே போய்விட்டார். ஹாரி மறுபடி டாவோஸில். அந்நிய மண்ணில் சாகக்கூடாது என்று பயந்து, 1931 ஜனவரியில் ஊருக்குப் புறப்பட்டார். மலையிலிருந்து இறங்கி சூர் என்ற ஊர் வரைதான் வரமுடிந்தது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அங்கேயே இறந்தார், அங்கேயே புதைத்தார்கள்.

அந்த ஊர்ச் சட்டப்படி, பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் கல்லறை இருக்க வேண்டுமானால் குடும்பம் பராமரிப்புக்கு உறுதி கொடுக்க வேண்டும். இதை யாரும் அந்தக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லவில்லை. 1946ல் எலும்புகளை எடுத்துப் பொதுக் குழியில் போட்டுவிட்டார்கள். போரில் மாண்ட ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களைச் சுற்றிச் சட்டம் வரைந்தவர். பேர் எழுதிய கல் ஒன்று அவருக்கு இல்லை.

மார்கரெட்டுக்கு மூன்று குழந்தைகள். பட்டறையையும் நடத்தினார், உருவப்படங்களும் வரைந்தார். அரசு ஜெனீவா சன்னலுக்கு 450 பவுண்டு கொடுத்து வாங்கி, அரசு அலுவலகம் ஒன்றில் வைத்திருந்தது. மார்கரெட் அதே 450 பவுண்டைத் திருப்பிக் கொடுத்துச் சன்னலை மீட்டுக்கொண்டார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சம்பாதிக்கும் புருஷன் இல்லாத வீட்டில், அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என்னென்ன யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். சும்மா விட்டிருக்கலாம். பணம் கைக்கு வந்துவிட்டது, வேலை செய்த ஆளும் போய்விட்டார். விடவில்லை.

சன்னல் பிறகு சில காலம் ஹியூ லேன் கலைக்கூடத்தில் இரவலாக இருந்தது. மார்கரெட் 1961ல் இறந்தார். கிளார்க் பெயரிலிருந்த பட்டறை 1973ல் மூடப்பட்டது. 1988ல் பிள்ளைகள் ஜெனீவா சன்னலை மிட்செல் வுல்ஃப்சன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு விற்றார்கள். இப்போது அது ஃபுளோரிடாவில், மயாமி பீச்சில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் இன்னும் ஜெனீவா சன்னல்தான். ஜெனீவாவை அது பார்த்ததே கிடையாது.